நர்சிங் மாணவருக்கு உதவித்தொகை தொடங்குவது எப்படி: கட்டணத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

அம்மா மருத்துவமனையில் இருந்த கடைசி 11 நாளும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செவிலியர்கள் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். ராத்திரி மூன்று மணிக்குக்கூடத் தவறவில்லை. ஒரு படுக்கைப்புண் வரவில்லை. அவர் நினைவாக நர்சிங் படிக்கும் ஒருவருக்கு உதவ வேண்டும் என்று குடும்பமாக முடிவெடுத்தோம். பணம் சீக்கிரமே சேர்ந்துவிட்டது. அது மாணவர் கைக்கு வேண்டிய நேரத்தில் போய்ச் சேரும்படி செய்யத்தான் மூன்று வருடம் பிடித்தது. அந்த மூன்று வருடத்தை நீங்களும் செலவழிக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: எவ்வளவு, எத்தனை வருடம்

ஒரே தடவை கொடுப்பது, ஆண்டுதோறும் கொடுப்பது, மூலதனம் போட்டு அதன் வருமானத்தில் கொடுப்பது என்று மூன்று வழி உண்டு. மூலதனம் கரையாமல் இருக்க, ஆண்டுக்கு 4 சதவீதம் அளவுக்கு மட்டும் எடுப்பது பரவலான வழக்கம். அப்படியென்றால் ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு முதலில் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதற்குப் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. முதல் சில வருடம் ஆண்டுதோறும் கொடுத்துப் பழகுங்கள். நான்கு பேருக்கு ஆளுக்கு ஒரு வருடம் கொடுப்பதைவிட, ஒருவரைக் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது மேல்.

இரண்டாவது படி: கல்லூரி

நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் பட்டியலிலேயே பாருங்கள். அது இல்லாத இடத்தில் படித்தவரால் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. பல நாடுகளில், பயனாளி இன்னார்தான் என்று கொடுப்பவரே பெயர் சொன்னால் வரிச்சலுகை கிடைக்காது. கல்லூரி வழியாகவோ அறக்கட்டளை வழியாகவோ கொடுங்கள். மீதியை உங்கள் ஆடிட்டர் சொல்வார்.

மூன்றாவது படி: நோக்கத்தை எழுதுவது

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். எங்கள் முதல் கடிதத்தில் ஒரே வரிதான் இருந்தது: ‘மூன்றாண்டுப் படிப்புக்கான கல்விக் கட்டணம்’. தெளிவாக எழுதிவிட்டதாகவே நினைத்தேன்.

இரண்டாம் ஆண்டு நடுவில் கல்லூரியிலிருந்து போன் வந்தது. வருகைப் பதிவு குறைந்ததால் அந்த மாணவி தேர்வு எழுத முடியாது என்றார்கள். கட்டணம் முழுவதும் கட்டியாயிற்றே என்றேன். அப்புறம் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பருவத்தில் போஸ்டிங், அதாவது வார்டில் செய்யும் நேரடிப் பயிற்சி, தூரத்து மருத்துவமனை ஒன்றில். காலை டியூட்டி 7 மணிக்கு. கல்லூரி வண்டி கிடையாது. கையில் காசில்லாத நாள்களில் அவர் போகவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. எங்கள் நிதியில் பணம் இருந்தது. ஆனால் கடிதத்தில் ‘கட்டணம்’ என்று எழுதியிருந்ததால் அலுவலகத்தால் அதை வேறு செலவுக்குத் தர முடியவில்லை. அவர்கள் செய்தது சரிதான். அந்தப் பருவத்தை அவர் மறுபடி படித்தார்.

பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நர்சிங்கில் அது மிகவும் கஷ்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பொது நர்சிங் படிப்புக்குக் குறைந்தது 4,600 மணி நேரம் பயிற்சி வேண்டும், அதில் பாதியாவது நோயாளிகளோடு நேரடியாக இருக்க வேண்டும். ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிற ஒருவரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

கட்டணத்தோடு மற்ற செலவுக்கும் கொடுக்கும் வழியைப் புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கிரிமியப் போர்க் காலத்தில், 1855-இல், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் தொடங்கிய நிதிக்குச் சுமார் 45,000 பவுண்டு திரண்டது. அதைக்கொண்டு 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். பயிற்சி பெற்ற பெண்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் கொடுத்து, கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுண்டும் கொடுத்தார்கள்.

இப்போது எங்கள் கடிதத்தில் இருக்கும் வரி இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

‘கல்விக் கட்டணம், விடுதி, போஸ்டிங் போக்குவரத்து, சீருடை, காலணி, புத்தகம், தடுப்பூசி, தேர்வு மற்றும் பதிவுக் கட்டணம் ஆகியவற்றுக்கு, கல்லூரி முதல்வரின் தீர்மானப்படி. தகுதியானவர் கிடைக்காத ஆண்டில், மிக நெருங்கிய தகுதியுள்ள வேறு நர்சிங் மாணவருக்கு.’

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ‘மாணவி’ என்று எழுதாமல் ‘மாணவர்’ என்றே எழுதுங்கள், ஆண்களும் நர்சிங் படிக்கிறார்கள். நிபந்தனை கூடக் கூட, பணம் ஆளில்லாமல் வங்கியிலேயே கிடக்கும்.

நான்காவது படி: தேர்வு

தேர்ந்தெடுக்கும் வேலையைக் கல்லூரியிடமே விட்டுவிடுங்கள். ஒரு பக்க விண்ணப்பமும் ஓர் ஆசிரியரின் பரிந்துரையும் போதும். தன் வீட்டுக் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம். மேடையில் காசோலை கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கத்தையும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாவது படி: எப்போது கொடுப்பது

ஆண்டுத் தொடக்கத்தில் மொத்தமாகக் கொடுத்தால் கட்டணத்திலேயே கரைந்துவிடும். போஸ்டிங் அட்டவணையை வாங்கி, ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் இரண்டு வாரம் முன்னால் ஒரு பகுதி போகும்படி பிரியுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை, முதல் ஊசிக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஆறு மாதம். போடாதவர்களைப் பல மருத்துவமனைகள் வார்டுக்குள் விடுவதில்லை. அதனால் அந்தப் பணம் சேர்க்கை முடிந்த வாரமே போக வேண்டும். விநாடி முள் உள்ள கைக்கடிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாடித் துடிப்பு எண்ண அது இல்லாமல் முடியாது. போனை வார்டில் வெளியே எடுக்கவும் விடமாட்டார்கள்.

கணக்குக்குக் கூகுள் ஷீட் போதும். நன்கொடை மென்பொருள் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி ஆறு மாதம் முயன்றேன், ஒரு மாணவருக்கு அது தேவையே இல்லை. தேதி, தொகை, எதற்கு, அடுத்த தவணை எப்போது என்று நான்கு பத்தி வைத்தால் சரி.

பின்சேர்க்கை 1: நர்சிங் ஆசிரியராக இருக்கும் வாசகர் ஒருவர், ‘மாணவருக்கு மட்டும்தானா?’ என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. உலக சுகாதார அமைப்பின் 2020 அறிக்கை, 2018 நிலவரப்படி 59 லட்சம் செவிலியர்கள் குறைவு என்கிறது. கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் இடங்களைக் கூட்ட முடியாது. கொஞ்சம் பெரிய தொகை இருந்தால், பணியில் இருக்கும் செவிலியர் ஒருவரை முதுநிலைப் படிப்புக்கு அனுப்பி ஆசிரியராக்குங்கள். அவரிடம் வருடா வருடம் ஒரு வகுப்பே படிக்கும்.

பின்சேர்க்கை 2: படிப்பை முடித்த ஒருவர், கவுன்சில் பதிவுக் கட்டணம் கட்ட வழியில்லாமல் நான்கு மாதம் வேலையில் சேர முடியவில்லை என்று எழுதியிருந்தார். மேலே உள்ள வரியில் ‘பதிவுக் கட்டணம்’ என்ற சொல் அதற்குப் பிறகு சேர்த்ததுதான். எங்கள் ஷீட்டிலும் கடைசித் தவணையின் தேதியைத் தேர்வு முடியும் நாளிலிருந்து பதிவு எண் கிடைக்கும் நாளுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.