வலி மாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சை: தேர்ந்தெடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

முதுகுவலிக்கோ, அறுவை சிகிச்சைக்குப் பிறகோ எழுதிக் கொடுத்த மாத்திரைதான். முதலில் வலிக்காகப் போட்டது, அப்புறம் தூக்கத்துக்காக, அப்புறம் போடாவிட்டால் உடம்பு படுத்தும் பாட்டுக்குப் பயந்து. டிரமடால், டேபென்டடால், கோடீன், ஆக்சிகோடோன், மார்ஃபின் என்று பெயர்கள்தான் வேறு. எல்லாம் ஓபியாய்டு என்ற ஒரே வகை, மூளையில் இவை போய் ஒட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். ஒரு நாள் அலமாரித் துணிகளுக்கு அடியில் காலி அட்டைகள் கற்றையாகக் கிடைக்க, விஷயம் வெளியே வருகிறது. அன்று ராத்திரியே வீட்டில் எல்லோரும் கூடி ஒரு முடிவு எடுக்கிறார்கள். மிச்ச மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, “ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, சரியாகிவிடும்” என்கிறார்கள்.

அந்த ஒரு வாரம் இப்படித்தான் போகும். சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் இறங்கும் மாத்திரையாக இருந்தால், கடைசி டோஸ் போட்ட 8 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் ஆரம்பிக்கும். முதலில் ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், காரணமில்லாமல் கண்ணில் நீர். பிறகு உடம்பெல்லாம் புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, வாந்தி. ராத்திரி போர்வைக்குள் கால் தானாக உதைத்துக்கொண்டே இருக்கும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். நாலிலிருந்து பத்து நாளுக்குள் மெல்லத் தணியும். எட்டாம் நாள் அவர் குளித்து, தலை வாரி, பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டால் வீட்டுக்கே உயிர் வந்ததுபோல் இருக்கும்.

ஆனால் அவருக்கு அதிக ஆபத்து அந்த எட்டாம் நாளிலிருந்துதான். மாத்திரைக்குப் பழகிப்போயிருந்த உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்துவிட்டது. மனதின் ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. தூக்கமின்மையும் வெறுமையும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தொடரும். ஏதோ ஒரு மோசமான நாளில் பழைய அளவையே எடுத்துப் போட்டால், முன்பு தாங்கிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடக்கூடும். அதனால்தான் டீடாக்ஸை, அதாவது மாத்திரையை நிறுத்தி உடம்பிலிருந்து இறக்குவதை, மட்டும் முடித்துவிட்டு அதையே சிகிச்சை என்று நம்புவது சும்மா பலனில்லாத காரியம் அல்ல, உயிருக்கே உலை வைக்கக்கூடியது. ஒரு மறுவாழ்வு மையத்தை விசாரிக்கும்போது “எத்தனை நாளில் அனுப்புவீர்கள்?” என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். “ஆறாம் மாதம் இவர் எந்த மருந்தில், யாருடைய கவனிப்பில் இருப்பார்?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் தடுமாறினால் வேறு இடம் தேடலாம்.

அடுத்த தவறு, மருந்தே வேண்டாம் என்று அடம்பிடிப்பது. “ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்கா?” என்ற கேள்வி நியாயமானது போலத்தான் தெரியும். நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் மெத்தடோன் என்ற மாற்று மருந்தைக் கொடுக்கும் சிகிச்சையைப் பற்றி 1965ல் எழுதிய நாளிலிருந்து இந்தக் கேள்வி இருக்கிறது. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகியிருப்பது வேறு, அடிமையாக இருப்பது வேறு. மாத்திரைக்காகப் பொய் சொல்வது, மூன்று மருத்துவர்களிடம் மூன்று சீட்டு வாங்குவது, அடுத்த டோஸுக்கு மணி பார்த்தபடி பிள்ளையின் பிறந்தநாளைக் கோட்டைவிடுவது, இதுதான் அடிமைத்தனம். காலையில் மருத்துவர் சொன்ன அளவைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய் வருகிறவர் அந்த நிலையில் இல்லை.

மெத்தடோன் நீண்ட நேரம் நிற்கும் ஓபியாய்டு. மாத்திரையை விட்டால் வரும் அவஸ்தைகளான விலகல் அறிகுறிகளையும் ஏக்கத்தையும் அடக்கி வைக்கும். பியூப்ரெனார்ஃபின் அதே இடத்தில் போய் ஒட்டிக்கொண்டாலும் அதை ஓரளவுக்குத்தான் இயக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் டோஸை ஏற்றினாலும் மூச்சை அடக்கும் விளைவு அதே விகிதத்தில் ஏறாது. உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டையும் 2005ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் வெளியான கணக்கு ஒன்று உண்டு. மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் காலத்தில், ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குச் சுமார் 11 இறப்புகள். சிகிச்சையை விட்ட பிறகு சுமார் 36. ‘மருந்தில்லாமல் குணம்’ என்ற பெருமைக்கு இந்த விலை அதிகம் என்பது என் கருத்து.

சரி, மருந்துக்கு ஒப்புக்கொண்டாயிற்று. அதைத் தொடங்கும் விதத்திலும் கோட்டை விடலாம். பியூப்ரெனார்ஃபினை, பழைய மாத்திரை உடம்பில் இன்னும் நிறைய இருக்கும்போதே போட்டால், அது பழையதைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் கடுமையான விலகல் அறிகுறிகள் பாய்ந்து வரும். “இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று பலர் ஓடிப்போவது இதனால்தான். மருந்து மேல் தப்பில்லை, நேரம்தான் தப்பு. எதை, எவ்வளவு, கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டால் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அப்புறம், நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரை முழுக்கக் கரைய ஐந்து, பத்து நிமிடம் ஆகும். அதுவரை பேச்சு, தண்ணீர், எச்சில் விழுங்கல் எதுவும் கூடாது. விழுங்கினால் மருந்தின் பெரும்பகுதி வீண். கரைந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பலாம். ஆனால் பல் தேய்க்க ஒரு மணி நேரம் பொறுங்கள், பல் சொத்தையைத் தவிர்க்கத்தான் இது.

மூன்றாவது மருந்து நால்ட்ரெக்சோன். இது ஓபியாய்டே அல்ல, அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும் பூட்டு. அதனாலேயே குடும்பத்தாருக்கு இதன் மேல் ஒரு கண். சிலருக்கு நன்றாகவே பொருந்தும், ஆனால் தொடங்குவதற்கு முன் 7 முதல் 10 நாள் எந்த ஓபியாய்டும் தொடாமல் இருக்க வேண்டும். அந்தப் பத்து நாளைத் தாண்ட முடியாமல் விழுகிறவர்கள் நிறைய. பாதியில் விட்டால் பழைய அளவு உயிரைப் பறிக்கும் அபாயம் இதிலும் உண்டு. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அவருக்குத் தெரியாமல் இதைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால், அங்கேயே கைவிடுங்கள். இன்னும் மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவருக்கு அது நேராக ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலையை உண்டாக்கும்.

மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் எல்லாம் முடித்துவிடுவோம் என்கிற விளம்பரங்களும் உண்டு. நியூயார்க்கில் அப்படிச் செய்துவந்த ஒரு மையத்தில் 2012ல் சிகிச்சை பெற்ற 75 பேரில் 2 பேர் இறந்தார்கள். அவ்வளவு சொன்னால் போதும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபராமைடைக் கைப்பிடியாக விழுங்கி விலகலைச் சமாளிக்கப் பார்ப்பதும் இதே ரகம். அவ்வளவு எடுத்தால் அது இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

முதல் சந்திப்பில் பலர் பாதியை மறைக்கிறார்கள். தூக்க மாத்திரையும் மதுவும் கூட இருந்தால் திட்டமே மாறும். ஓபியாய்டை நிறுத்துவதால் வரும் அவஸ்தை பெரும்பாலும் உயிரைக் குடிப்பதில்லை, உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால். மதுவையோ அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளையோ நீண்ட காலம் எடுத்தவர் சட்டென்று விட்டால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். டிரமடாலுக்கே வலிப்பு வரவழைக்கும் குணம் உண்டு. கோடீனோடு பாரசிட்டமால் சேர்ந்த மாத்திரை என்றால் கல்லீரலையும், இபுப்ரோஃபன் சேர்ந்தது என்றால் வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும் பெண் தானாக எதையும் நிறுத்தக் கூடாது. மெத்தடோனோ பியூப்ரெனார்ஃபினோ மருத்துவர் மேற்பார்வையில் தொடர்வதே அவருக்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு.

கடைசியில் எல்லோரும் மறந்துவிடுவது, இது எதில் தொடங்கியதோ அந்த வலியை. முதுகு இன்னும் வலிக்கிறது. வலிக்கு வழி சொல்லாத சிகிச்சை அவரைப் பழைய அட்டையிடமே திருப்பி அனுப்பிவிடும். நீண்ட நாள் ஓபியாய்டு எடுத்தால் வலியை உணரும் தன்மையே கூடிவிடுவதும் உண்டு, அதனால் மாத்திரை குறையக் குறைய வலியும் குறைந்த அனுபவம் சிலருக்கு இருக்கிறது. மருத்துவர் சொன்ன அளவுக்குள்ளேயே எடுத்து வந்தவருக்கு மறுவாழ்வு மையமே தேவைப்படாமல் போகலாம். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர் என்றால், மாதத்துக்குப் பத்து சதவீதம் என்ற வேகத்தில் இறக்குவது பலருக்குத் தாங்கும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது.

மீண்டும் ஒரு முறை மாத்திரை போட்டுவிட்டார் என்பதற்காகச் சிகிச்சையிலிருந்து விரட்டும் இடம் எனக்கு உவப்பில்லை. சர்க்கரை ஏறிவிட்டது என்று சர்க்கரை நோயாளியை யாரும் விரட்டுவதில்லை. டோஸ் போதவில்லையா, பழைய சகவாசமா, தாங்க முடியாத வலியா என்று பார்த்துத் திட்டத்தை மாற்றுவதுதான் வைத்தியம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், கிடைக்கும் இடமாக இருந்தால், ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை முறியடிக்கும் மருந்தான நாலாக்சோனை வாங்கி வீட்டில் வையுங்கள். எப்படிக் கொடுப்பது என்று கூட இருப்பவர்கள் முன்கூட்டியே கற்றுக்கொள்ள வேண்டும். உதடு நீலமாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, குறட்டை போன்ற சத்தத்தோடு மூச்சு திணறினால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு உடனே கொடுங்கள். அதன் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான். உள்ளே இருக்கும் மாத்திரை அதைவிட நீண்ட நேரம் நிற்கலாம். கண் திறந்து, “எனக்கு ஒன்றுமில்லை, தூங்க விடுங்கள்” என்று அவர் சொன்னாலும் ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தை விட்டு நகராதீர்கள்.