ஹெவி லைசென்ஸ் எடுத்து லாரி வேலைக்குப் போவது எப்படி?

கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கான பதிவு இது. கிளட்ச், கியர் பாடமெல்லாம் இதில் இல்லை.

1. லைசென்ஸ்

கனரக வாகனத்துக்கு எல்.எல்.ஆர். போட இரண்டு தகுதி வேண்டும். வயது 20 நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன (எல்.எம்.வி.) லைசென்ஸ் கையில் வந்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். பலர் இந்த இரண்டாவதில்தான் இடறுகிறார்கள். ஓராண்டு என்பது கார் லைசென்ஸ் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவது. காருக்கு எல்.எல்.ஆர். வைத்திருந்த மாதங்கள் கணக்கில் வராது, பைக் லைசென்ஸ் மட்டும் வைத்திருந்த காலமும் வராது. எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதியை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். இன்னமும் அதைச் சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் நிற்காதீர்கள்.

விண்ணப்பம் அரசின் சாரதி இணையதளத்தில். மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி தரும் படிவம் 5 இரண்டும் தேவை. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். லைசென்ஸ் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியாகி ஓராண்டு தாண்டினால் மறுபடி டெஸ்ட்.

அந்த ஓராண்டைச் சும்மா கழிக்க வேண்டியதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 20 வயது ஆனவர்கள் சின்ன சரக்கு வண்டியில் ஏறிவிடுங்கள். லோடு, பில், தார்ப்பாய் கட்டுவது எல்லாம் அங்கேயே பழகிவிடும்.

2. பள்ளியில் கிடைக்காத பாடம்

பயிற்சிப் பள்ளி லாரியில் பெரும்பாலும் லோடு இருக்காது. காலி வண்டி மிதித்த இடத்தில் நிற்கும். லோடு வண்டி அப்படி நிற்காது. லைசென்ஸ் வாங்கியவுடன் தனியாக ஸ்டியரிங்கைப் பிடிக்காமல், குறைந்தது மூன்று மாதம் அனுபவசாலி ஒருவருடன் செகண்ட் டிரைவராகப் போங்கள். ஆக்டிங் டிரைவர் வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் ஏர், அதாவது லாரியின் பிரேக்கை இயக்கும் காற்றழுத்தம். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் மீட்டரைப் பாருங்கள். முள் 7 பாரைத் தாண்டாமல் நகரக்கூடாது. பிறகு டயருக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பிரேக் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முள் இறங்கிக்கொண்டே வந்தால் எங்கோ லீக். "உஸ்" சத்தம் வரும் பக்கம் போய்த் தேடுங்கள். ஏர் டேங்கில் தேங்கும் தண்ணீரையும் அவ்வப்போது திறந்துவிட வேண்டும்.

அடுத்தது இறக்கம். புதியவர்கள் இங்கேதான் உயிரை விடுகிறார்கள். தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் விபத்து நடக்காத ஆண்டில்லை. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவது பழைய வியாதி. நியூட்ரலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது, முழுச் சுமையும் பிரேக் தலையில் விழும். விடாமல் மிதிக்க மிதிக்க சக்கரத்தின் பிரேக் டிரம் சூடேறும், அதை உரசிப் பிடிக்கும் லைனிங் பிடிப்பை இழக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடுவதால் கம்ப்ரஸரும் மெதுவாகத்தான் காற்றை நிரப்பும். பெடலை அடித்து அடித்து மிதித்தால் செலவாகும் காற்றை அதனால் ஈடுகட்ட முடியாது. எஞ்சினையே அணைத்துவிட்டால் காற்று வரத்தும் இல்லை, ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். ஏர் இறங்கினால் ஸ்ப்ரிங் பிரேக் தானாக விழுந்து காப்பாற்றும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் பிடிப்பது அதே டிரம்மை, அதே லைனிங்கால்தான்.

செய்ய வேண்டியது இது. இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துக் கியரை இறக்குங்கள். ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள், லோடு அதிகமென்றால் இன்னும் ஒன்று கீழே. எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை போகும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிப்பது) போட்டுக்கொள்ளுங்கள். வேகம் கூடினால் ஒருமுறை அழுத்தமாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே வந்தால் டிரம் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. இறக்கத்தின் நடுவில் கியர் மாற்ற முயன்று, அது விழாமல் போய் நியூட்ரலில் மாட்டுகிறவர்களும் உண்டு. அதனால்தான் "தொடங்கும் முன்பே" என்றேன்.

ரிவர்ஸ்: கிளீனர் இருந்தால் அவர் கண்ணாடியில் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் வண்டியை நிறுத்திவிடுங்கள். "வரலாம் வரலாம்" என்ற குரலை மட்டும் நம்பாதீர்கள், "ஓல்டான்" (நிறுத்து) காதில் விழாத நாளும் வரும். ஆளில்லாவிட்டால் இறங்கிப் போய்ப் பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

3. பையில் இருக்க வேண்டியவை

நல்ல டார்ச், டயர் பிரஷர் கேஜ், சின்ன இரும்புச் சுத்தியல், இரண்டு மரக்கட்டை. சுத்தியலால் டயரைத் தட்டினால் காற்றில்லாத டயரின் சத்தம் மொத்தையாகக் கேட்கும். ஜோடி டயரில் உள்டயர் இறங்கியது வெளியிலிருந்து தெரியாது என்பதால் தட்டித்தான் ஆகவேண்டும். இரண்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பி.எஸ்.6 வண்டியில் ஆட்புளூ (புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசல்) தீர்ந்தால் எஞ்சின் பவர் குறைந்துவிடும். அதை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

4. வேலை தேடுவது

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி உரிமையாளர்கள் அதிகம். புக்கிங் ஆபீஸ், பாடி கட்டும் பட்டறை, டயர் கடை மூன்றிலும் சொல்லி வைப்பது வேலை வாங்கித் தரும் ஆப்களைவிட நல்ல பலன் தரும். முதல் வண்டியாக ஆறு சக்கரத்தைத் தேர்ந்தெடுங்கள், டாரஸ் (பத்து சக்கரம், அதற்கு மேல் உள்ள பெரிய லாரி) பிறகு. கேஸ் டேங்கரில் ஏற ஆசையென்றால் அபாயகரமான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிவு வாங்க வேண்டும்.

ஓனரிடம் முதல் நாளே கேளுங்கள்: மாதச் சம்பளமா, டிரிப் கணக்கா? படி தனியா? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மைலேஜ் பேசுகிறார், குறைந்தால் யார் கையிலிருந்து போகும்? பஞ்சர், ஏற்றுகூலி, அபராதம் யார் பொறுப்பு? பெரிய முன்பணம் வாங்காதீர்கள், அது கட்டிப்போடும் கயிறு. அசல் லைசென்ஸையும் கொடுத்து வைக்காதீர்கள், நகல் போதும்.

5. முதல் லோடு

ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் தேதிகளைப் பாருங்கள். ஈ-வே பில்லில் (சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. ஆவணம்) உள்ள வண்டி எண் உங்கள் வண்டியுடையதுதானா என்றும் பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது அதன் ஆயுள். வழியில் வண்டி நின்றால் காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்கலாம், உடனே ஆபீசுக்குப் போன் செய்யுங்கள். எடை மேடைச் சீட்டு இல்லாமல் கிளம்பாதீர்கள். ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000.

பின்சேர்ப்பு: லைசென்ஸ் டிஜிலாக்கரில் இருந்தால் போதுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். போதும், சட்டப்படி செல்லும். ஆனால் போனில் சார்ஜ் இருக்க வேண்டும்.