யாரா, யாரையா? 'ஹூ' கேள்வியில் 'டிட்' எப்போது வரும்?

வேலை விஷயமாக ஒருவரிடம் போனில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தேன். "நீங்கள் யாரைக் கூப்பிட்டீர்கள்?" என்று கேட்க நினைத்து "ஹூ கால்டு யூ?" என்றேன். "யாரும் கூப்பிடவில்லையே" என்று பதில் வந்தது. நான் அதையே திரும்பக் கேட்க, அவரும் அதையே திரும்பச் சொன்னார். அன்று இரவு எழுதிப் பார்த்தபோதுதான், "உங்களை யார் கூப்பிட்டார்?" என்று நான் கேட்டிருப்பது புரிந்தது. அப்போது பிடிபட்ட வழியை இங்கே எழுதுகிறேன்.

'ஹூ' என்றால் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்குப் போவோம்.

படி 1: கேட்க வேண்டியதை முதலில் தமிழில் எழுதுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறக்க வேண்டாம் என்பேன். அது வாக்கியத்தைத் தரும், காரணத்தைத் தராது. அடுத்த கேள்விக்கு மறுபடியும் அதையேதான் தேட வேண்டியிருக்கும்.

படி 2: அதில் 'யார்' எந்த வடிவத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வெறும் 'யார்' தானா, இல்லை யாரை, யாருக்கு, யாரோடு என்று உருபு ஒட்டியிருக்கிறதா?

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வெறும் 'யார்' என்றால், வேலையைச் செய்தவரைத்தான் தேடுகிறோம். 'ஹூ'வுக்குப் பின் வினைச்சொல் நேராக வந்துவிடும், 'டூ', 'டஸ்', 'டிட்' எதுவும் வேண்டாம்.

ஜன்னலை யார் திறந்தார்? — ஹூ ஓபன்டு த விண்டோ?

உருபு ஒட்டியிருந்தால், செய்தவர் வேறொருவர்; அவர் வாக்கியத்திலேயே இருப்பார். இறந்த காலத்தில் அவருக்கு முன்னால் 'டிட்' வர வேண்டும்.

நீ யாரைப் பார்த்தாய்? — ஹூ டிட் யூ சீ?

இறந்த காலத்தை 'டிட்' ஏற்றுக்கொண்டதால் 'சா' மறுபடி 'சீ' ஆகிவிட்டதைக் கவனியுங்கள். நான் கேட்டிருக்க வேண்டியதும் இப்படித்தான்: "ஹூ டிட் யூ கால்?" இந்த இரண்டு வகையிலும் பத்துப் பத்துக் கேள்விகள் எழுதிப் பாருங்கள். கை பழகினால் வாயும் பழகும்.

படி 4: யாரோடு, யாரிடம், யாருக்காக என்று வந்தால், அந்த உருபுக்கு ஈடான 'டு', 'வித்', 'ஃபார்' போன்ற சொல் பேச்சில் பெரும்பாலும் கடைசிக்குப் போகும். யாரிடம் பேசுகிறாய்? — ஹூ ஆர் யூ டாக்கிங் டு?

'ஹூம்' எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். பழைய ஆங்கிலத்திலும் நம்மைப் போல வேற்றுமை வடிவங்கள் இருந்தன. 'ஹ்வா' என்றால் யார், 'ஹ்வாம்' என்றால் யாருக்கு. அந்த 'ஹ்வாம்' தான் இன்றைய 'ஹூம்'. சாதாரணப் பேச்சில் 'ஹூ' போதும். 'டு' போன்ற சொல் முன்னால் வந்தால் மட்டும் 'டு ஹூம்' என்றே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இதற்கு மேல் 'ஹூம்' பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இன்னொன்று. "யார் வருகிறார்கள்?" என்று நாம் பன்மையில் கேட்பதால் "ஹூ ஆர் கமிங்?" என்று வாயில் வந்துவிடும். பத்துப் பேர் வந்தாலும் "ஹூ இஸ் கமிங்?" என்பதுதான் வழக்கம். 'யூ', 'தே' போன்ற சொல் பின்னால் வந்தால் 'ஆர்': ஹூ ஆர் தே?

பின்சேர்க்கை: "யார் சாப்பிடவில்லை?" என்பதில் வெறும் 'யார்' தானே இருக்கிறது, பிறகு ஏன் "ஹூ டிடின்ட் ஈட்?" என்று ஒரு வாசகர் கருத்தில் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் எழுத விட்டுப்போனது. 'இல்லை' என்பதைச் சொல்ல 'நாட்' வேண்டும், அதைத் தாங்க 'டிட்' வேண்டும். அதனால் எதிர்மறையில் மட்டும் படி 3 மாறும்.

மற்றொரு பின்சேர்க்கை: போனில் "யார் பேசுகிறீர்கள்?" என்பதற்கு "ஹூ ஆர் யூ?" என்று கேட்காதீர்கள். எதிரில் இருப்பவருக்கு அது அதட்டல் போலக் கேட்கும். "மே ஐ நோ ஹூ இஸ் காலிங்?" என்று கேளுங்கள்.