12 மணி நேரமா, 24 மணி நேரமா? பிஜி டாக்டர்களுக்கு ஒரு குறிப்பு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் டியூட்டி பார்க்கும் பிஜி (மருத்துவ மேற்படிப்பு) தம்பி, தங்கைகளுக்கு. டியூட்டி சார்ட் போடும்போது எத்தனை மணி நேர ஷிஃப்ட் வேண்டும் என்று உங்கள் விருப்பத்தைக் கேட்டால், மணிக்கணக்கை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள்.

சின்ன ஷிஃப்டில் தூக்கம் மிச்சம். ஆனால் நோயாளி ஒரு டாக்டரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுவது அதிகமாகும். அமெரிக்காவில் 2011-ல் முதலாண்டு ரெசிடென்டுகளுக்கு (நம் பிஜி போலப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்கள்) 16 மணி நேர வரம்பு வைத்தார்கள், 2017-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள். நம் ஊரில் 1992-ன் ரெசிடென்சி விதி ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. நடைமுறை என்னவென்று உங்களுக்கே தெரியும்!

அதனால் முதலில் அந்த வார்டில் ஹேண்டோவர், அதாவது டியூட்டி முடிப்பவர் அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பது, எப்படி நடக்கிறது என்று சீனியரிடம் விசாரியுங்கள். "3-ம் பெட் ஐயாவுக்குப் பொட்டாசியம் ரிப்போர்ட் சாயந்தரம் வரும், கூடியிருந்தா உடனே ஈசிஜி எடுத்துட்டு எனக்குப் போன் பண்ணு" என்று எழுதியும் சொல்லியும் கொடுக்கிற இடமென்றால் தயங்காமல் 12 மணி நேரம் கேளுங்கள். "எல்லாரும் ஸ்டேபிள்" என்று சொல்லிவிட்டு ஓடுகிற இடத்தில் சின்ன ஷிஃப்ட் ஆபத்து. அங்கே நீளமான டியூட்டியே தேவலை, ஆனால் நடுவில் படுக்க இடமும் மாற்றி நிற்க ஆளும் இருக்க வேண்டும்.

24 மணி நேரம் முடித்தால் பைக்கைத் தொடாதீர்கள். வீட்டில் ஆச்சி வெள்ளைப் பணியாரம் சுட்டு வைத்திருந்தாலும் சரி, டியூட்டி ரூமில் தூங்கி எழுந்து போங்கள், இல்லையென்றால் பஸ்.