இருமலுக்கு வாங்கிய ஐந்து மாத்திரை: டி.பி. விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாராவியில் வீடு வீடாகப் போய் இருமல் விசாரிக்கும் வேலைக்கு வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். கையில் படிவம், கழுத்தில் அட்டை, வாயில் மனப்பாடமாகக் கேள்விகள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கா? சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்குதா? எடை குறைஞ்சிருக்கா? ராத்திரி வேர்க்குதா? சளியில் ரத்தம் வந்ததா? கேள்விகளில் ஒரு குறையும் இல்லை. பதில் கிடைத்த பிறகுதான் கோட்டை விடுகிறார்கள். நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள்தான் என்பதால் திட்டவும் வாய் வருவதில்லை. எழுதியாவது வைக்கிறேன். வீட்டில் ஒருவருக்கு இருமல் என்று கூட்டிக்கொண்டு அலைபவர்களுக்கும் இது உதவும்.

மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே, கண்ட இடத்தில் துப்பாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதற்குச் சுவரெல்லாம் போஸ்டர் இருக்கிறது.

"இதுவரைக்கும் என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்காமல் விடுவது

90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இட்லி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர். நடு ராத்திரியில் எழுந்து இட்லி அவித்து, விடிந்ததும் சயான், மாட்டுங்கா பக்கம் கொண்டுபோய் விற்பவர். இருமல் ஒரு மாதத்தைத் தாண்டியதும் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனார். ஐந்து நாளைக்கு லெவோஃப்ளாக்சசின் 500, ஓர் இருமல் டானிக், காய்ச்சல் வந்தால் போட பாராசிட்டமால். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. வாய்க்கு ருசி திரும்பியது. "டாக்டர் கைராசிக்காரர்" என்று சந்து முழுக்கப் பேச்சு.

மூன்று வாரத்தில் இருமல் திரும்பி வந்தது. இந்த முறை கிளினிக்குக்குக்கூடப் போகவில்லை. காலி அட்டையை மெடிக்கலில் காட்டினார், அதே மாத்திரை கிடைத்தது. அது முடிந்த கையோடு ஒரு தனியார் லேபில் சளி கொடுத்தார். மைக்ராஸ்கோப்பில் கிருமி தென்படவில்லை. நம் புதுப் பெண் அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி அந்தத் தாளை எடுத்து நீட்டி, "டி.பி. இல்லைன்னே எழுதிக் கொடுத்துட்டாங்கம்மா" என்றார். இவளும் படிவத்தில் "நெகட்டிவ்" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி மேலேயே மூன்று காலி அட்டைகள் கிடந்தன. யாரும் அதைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தரும் தவறு. ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

லெவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் எல்லாம் ஒரே குடும்பம். "ஃப்ளாக்சசின்" என்று முடிகிறதா என்று பார்த்தால் போதும். நெஞ்சுச் சளி, மூத்திரக் கடுப்பு, வயிற்றுப்போக்கு என்று எதற்கெடுத்தாலும் இவற்றில் ஒன்றைத்தான் கொடுக்கிறார்கள். பேதிக்கு வாங்கும் ஓஃப்ளாக்சசின்-ஆர்னிடசோல் மாத்திரை இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. இந்தக் குடும்பத்துக்கு டி.பி. கிருமி மீதும் ஓரளவு பிடி உண்டு. ஐந்து நாள் சாப்பிட்டால் கிருமி அழியாது, எண்ணிக்கை மட்டும் இறங்கும். நோயாளிக்குச் சுகமான மாதிரி இருக்கும். சளியில் கிருமி கண்ணில் படாமலும் போகலாம். மைக்ராஸ்கோப்பில் தெரிவதற்கு ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தாளில் "நெகட்டிவ்" என்றுதான் வரும். நோய் உள்ளே இருந்துகொண்டே இருக்கும், இருமலும் வீட்டுக்குள் பரப்பிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் இரண்டாவது சேதம். சாதாரண டி.பி.க்கு ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தம்புடால் என்று நான்கு மருந்து இரண்டு மாதம், பிறகு பைரசினமைடை விட்டுவிட்டு மற்ற மூன்றும் நான்கு மாதம். இந்தக் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் மந்தமான ஜாதி. அதனால்தான் ஆறு மாதம் இழுக்கிறது, அதனால்தான் ஒற்றை மருந்தை வைத்து அடிப்பதில்லை. ஒற்றை மருந்து கொடுத்தால் அதற்கு அடங்காத நாலு கிருமி தப்பிப் பிழைத்து, அதுவே பெருகும். ஐசோநியாசிடும் ரிஃபாம்பிசினும் இரண்டுமே கேட்காமல் போன நிலைக்குத்தான் எம்.டி.ஆர். என்று பெயர். அந்த நிலையில் டாக்டர்கள் கையில் எடுக்கும் முக்கியமான ஆயுதமே இந்த "ஃப்ளாக்சசின்" குடும்பம். முன்பெல்லாம் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்று இழுத்த எம்.டி.ஆர். சிகிச்சையை ஆறு மாதத்தில் முடிக்க 2024-ல் நம் நாட்டில் ஒப்புதல் கிடைத்த புது முறை இருக்கிறதே, பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினசோலிட் ஆகியவற்றோடு அதில் நான்காவதாக நிற்பது மாக்சிஃப்ளாக்சசின். கடைசிச் சண்டைக்கு வைத்திருக்க வேண்டிய மருந்தை முதல் இருமலுக்கே செலவழித்தால் பிறகு என்ன செய்வது? மருந்துக்கு அடங்காத டி.பி. மும்பைக்குப் புதுசும் இல்லை. இருந்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத நான்கு நோயாளிகளைப் பற்றி 2012-ல் உலகம் முழுக்கப் பேச்சு கிளம்பியது இந்த ஊரிலிருந்துதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. லெவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் 2014-லிருந்து ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு, எந்த டாக்டர் எழுதி, எத்தனை மாத்திரை விற்றோம் என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையிலேயே சிவப்புக் கோடு போட்டிருக்கும். காலி அட்டையைக் காட்டினால் கிடைக்கிறது என்பதையும் மேலே சொல்லிவிட்டேன்.

கிளினிக் டாக்டரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒருநாள் கூலி போச்சு. ராத்திரி எட்டு மணிக்குத் திறந்திருப்பது அவர்தான். மூன்று நாளில் குணம் தெரியாவிட்டால் ஆள் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் சில சீட்டில் கூடவே டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன் என்று ஸ்டீராய்டும் இருக்கும். பசியெடுக்கும், காய்ச்சல் அடங்கும், ஆள் தெம்பாகத் தெரிவார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியோ இறங்கிக்கொண்டிருக்கும். கண்டுபிடிக்காத டி.பி.க்கு இதைவிட நல்ல தோது கிடையாது.

சரி, என்ன செய்ய வேண்டும்? இருமல் எத்தனை நாள் என்று கேட்டதும் அடுத்த கேள்வி மாத்திரையைப் பற்றித்தான். பெயர் கேட்டால் யாருக்கும் தெரியாது. "மஞ்ச மாத்திரை, நீட்டு மாத்திரை" என்பார்கள். "வீட்டில் இருக்கிற மாத்திரைக் கவரை அப்படியே கொண்டு வாங்க, காலி அட்டையும் வேணும்" என்று சொல்லுங்கள். பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்து ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். "ஃப்ளாக்சசின்" இருந்தால் பெயர், எத்தனை நாள், எப்போது நிறுத்தினார் என்று மூன்றையும் படிவத்தின் ஓரத்தில் எழுதி, டாக்டரிடம் வாயாலும் சொல்லுங்கள். "நெகட்டிவ்" தாளை வைத்து முடிவு கட்டாதீர்கள். சிபிநாட் அல்லது ட்ரூநாட் கேளுங்கள். இவை கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனைகள். மைக்ராஸ்கோப்பில் சிக்காத கொஞ்ச அளவையும் பிடிக்கும், ரிஃபாம்பிசின் கேட்குமா என்பதையும் சொல்லிவிடும். சிபிநாட் இயந்திரத்தில் போட்டால் இரண்டு மணி நேரம்தான். அரசு மையங்களில் காசு கிடையாது.

அண்ணாச்சிக்கு சிபிநாட் எடுத்தபோது இருமல் நான்காவது மாதத்தில் இருந்தது. நல்லவேளை, ரிஃபாம்பிசின் கேட்கும் வகை. ஆனால் பத்தாவது படிக்கும் மகளுக்கும் அதற்குள் தொற்றியிருந்தது. பரீட்சை நேரம் வேறு.

சளி டப்பாவில் எச்சில்

டப்பாவை நீட்டினால் துப்பிக் கொடுத்துவிடுவார்கள். நுரையாக, தண்ணீர் மாதிரி இருந்தால் அது எச்சில். லேபுக்குப் போய் வீண். காலையில் பல் தேய்ப்பதற்கு முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுக்கச் சொல்லுங்கள். கெட்டியாக, இரண்டு மில்லியாவது வர வேண்டும். வீட்டுக்குள் வைத்து எடுக்க வேண்டாம், மொட்டை மாடியோ திறந்த வெளியோ நல்லது. பெண்கள் அடுத்தவர் எதிரில் காறித் துப்பக் கூச்சப்படுவார்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், அவ்வளவுதான்.

தட்டையும் டம்ளரையும் பிரிப்பது

தட்டில் பரவாது. காற்றில் பரவும், ஜன்னலைத் திறங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள்.

ஜன்னலே இல்லாத வீடுதானே இங்கே பாதி என்பீர்கள். உண்மைதான். பகலெல்லாம் கதவையாவது திறந்து வைக்கலாம், முதல் சில வாரம் நோயாளி வாசல் பக்கம் படுக்கலாம். பரண் மாதிரியான மேல் தட்டில் குழந்தைகளோடு படுக்க வைப்பதுதான் மோசம்.

கழுத்துக் கட்டிக்கு வீட்டையே பயமுறுத்துவது

கழுத்து, முதுகெலும்பு, வயிறு, கர்ப்பப்பை என்று நுரையீரலுக்கு வெளியே வரும் டி.பி. பொதுவாக அடுத்தவருக்குத் தொற்றாது. கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு நெறிகட்டி டி.பி. என்றதும் சம்பந்தத்தையே முறித்த வீட்டை எனக்குத் தெரியும். இன்னொன்று: மருந்து தொடங்கிய பிறகும் கட்டி கொஞ்ச நாள் பெரிதாகலாம். மருந்து கேட்கவில்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆரஞ்சு மூத்திரம்

முதல் நாளே சொல்லிவிடுங்கள். ரிஃபாம்பிசின் செய்யும் வேலை, ரத்தம் இல்லை.

எல்லாப் பக்க விளைவையும் "சரியாயிடும்" என்று விடுவது

மூட்டு வலி, குமட்டல் பெரும்பாலும் சமாளிக்கக் கூடியவை. இரண்டை மட்டும் அன்றைக்கே பார்க்க வேண்டும். கண் மஞ்சளாகி, சாப்பாட்டைக் கண்டாலே வாந்தி வந்தால் கல்லீரல். சாராயம் குடிப்பவர் என்றால் இரட்டைக் கவனம். பார்வை மங்கினாலோ சிவப்பு பச்சை குழம்பினாலோ எத்தம்புடால். கார்மெண்ட் பட்டறையில் நூல் பிரிக்கும் தம்பி, "கொஞ்ச நாளா நூல் கலர் மாத்தி எடுக்கிறேன்கா, சேட்டு திட்டுறாரு" என்று வேறு ஏதோ பேச்சில் சொன்னான். கண் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கண் எப்படி இருக்கு என்று கேட்டால் நல்லா இருக்கு என்பார்கள். வேலையில் நிறம் மாறுதா என்று கேளுங்கள்.

கால் எரிச்சல், மதமதப்பு என்றால் ஐசோநியாசிட். வைட்டமின் பி6 மாத்திரை கொடுப்பார்கள்.

கருத்தடை மாத்திரை

ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் கெடுக்கும். கூச்சப்படாமல் கேளுங்கள், வேறு வழி மாற்றச் சொல்லுங்கள்.

எடை பார்க்காமல் விடுவது

மாத்திரை எண்ணிக்கை எடையை வைத்துத்தான்: 35 முதல் 49 கிலோவுக்கு தினம் மூன்று, 50 முதல் 64-க்கு நான்கு. 48 கிலோவில் தொடங்கியவர் தேறி 54 ஆனால் அளவும் மாற வேண்டும். சிகிச்சை அட்டையில் முதல் மாத எடையையே ஆறு மாதமும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்!

எடையேற டானிக் வாங்குவதும் வீண் செலவு. முட்டை, கடலை, பயறு, மீன் போதும். சத்தான சாப்பாடு வீட்டில் மற்றவர்களையும் காக்கும். ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ரேஷன்ஸ் ஆய்வில், வீட்டிலிருந்தவர்களுக்கு டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-ல் வெளியான முடிவு இது. டி.பி. நோயாளிகளுக்குச் சத்துணவுக்காக அரசு தரும் நிக்ஷய் போஷண் பணம் 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். வங்கிக் கணக்கு எண்ணைத் தப்பாக ஏற்றிவிட்டால் சிகிச்சை முடிந்த பிறகும் அலைய வேண்டியதுதான், ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

சர்க்கரை

டி.பி. என்றால் சர்க்கரையையும் பார்க்க வேண்டும், ஹெச்.ஐ.வி.யும். தனியே விளக்கத் தேவையில்லை.

வீட்டிலிருக்கும் குழந்தையை மறப்பது

பி.சி.ஜி. தடுப்பூசி போட்டாச்சே என்பார்கள். அது சின்னக் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் மாதிரியான கடுமையான டி.பி.யிலிருந்து காக்கும், அதோடு சரி. நுரையீரல் டி.பி. உள்ளவரோடு வாழும் எல்லோரையும் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும், முக்கியமாக ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு.

ஊருக்குப் போனவரை "காணவில்லை" என்று எழுதுவது

கோயில் கொடை என்றால் சந்தில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம் போய்விடுவார்கள். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, நோயாளி இல்லை என்று எழுதுவது பெரிய அபத்தம். அரசின் டி.பி. பதிவேட்டில் அவருக்குக் கொடுத்த நிக்ஷய் எண் நாட்டில் எங்கேயும் செல்லும். முன்கூட்டியே சொன்னால் கையில் மாத்திரை கொடுத்து அனுப்பலாம், அதிக நாள் தங்குபவர் என்றால் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே மாற்றி விடலாம். மருந்து தொடங்கும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்: "அண்ணாச்சி, கொடைக்குப் போறீங்களா? டிக்கெட் போட்டாச்சா?" நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இரண்டு மாதம் முன்பே இடம் பிடித்து வைப்பவர்கள் இவர்கள். தேதி கையிலேயே இருக்கும்.