தேர்தலில் வெளிநாட்டுத் தலையீடு என்று சந்தேகம் வந்தால்: ஆதாரம் திரட்டும் முறை

சமூக ஊடகப் பதிவு பொய்யா, நிஜமா என்பதில் தொடங்காதீர்கள். பொய் சொல்ல உள்ளூர்க்காரர்களுக்கும் தெரியும். நிஜமான சரக்கை வைத்தும் தலையிடலாம்: 2017 மே 5 இரவு, பிரான்ஸ் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று வாக்குப்பதிவுக்குச் சற்று முன்பு, வேட்பாளர் மக்ரோன் தரப்பிடமிருந்து திருடிய மின்னஞ்சல்களை இணையத்தில் கொட்டினார்கள். பிரசாரத் தடை தொடங்கும் வேளை அது. பதில் சொல்ல அவகாசமே இல்லை. ஆகவே உள்ளடக்கத்தைவிட நடத்தையைக் கவனியுங்கள்.

முதலில் சேமிப்பு, பிறகுதான் புகார். புகாரை ஏற்றுப் பதிவை நீக்கிவிட்டால் உங்கள் ஆதாரமும் போய்விடும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை யாரும் நம்பமாட்டார்கள். யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். பதிவின் முழு இணைய முகவரி, கணக்கின் பெயர், அதன் எண் அடையாளம் (பெயரை மாற்றலாம், எண் பெரும்பாலும் மாறாது), யுடிசி நேரம் (உலகப் பொது நேரம்) எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தை வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் நகலைச் சேமிக்கும் காப்பகத் தளம்) ஏற்றி, சரியாகப் பதிவானதா என்று திறந்து பாருங்கள்; லாகின் கேட்கும் பக்கங்கள் அதில் பெரும்பாலும் வெறுமையாகவே விழும். வீடியோவைக் கோப்பாக இறக்கி, உடனே ஷா-256 ஹாஷ் (கோப்பு பின்னர் மாற்றப்படவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு) எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் வழியே வந்த பிரதியில் மெட்டாடேட்டா (எப்போது, எதில் எடுத்தது போன்ற உள்விவரம்) பெரும்பாலும் அழிந்திருக்கும், அது முதலில் எங்கே வெளியானது என்று தேடுங்கள்.

அடுத்து, முகவரி. 2022இல் அம்பலமான ‘டாப்பல்கேங்கர்’ என்ற ரஷ்ய நடவடிக்கையில், ஜெர்மனியின் ‘டெர் ஸ்பீகல்’ இதழை அச்சு அசலாக நகலெடுத்திருந்தார்கள். எழுத்துரு, லோகோ எல்லாம் அதேதான். மற்ற இணைப்புகளைச் சொடுக்கினால் நிஜமான தளத்துக்கே போகும். மாறியது முகவரியின் வால் மட்டும்: .டிஇ (.de) இருக்க வேண்டிய இடத்தில் .எல்டிடி (.ltd). டொமைன் (தளத்தின் பெயர் முகவரி) பதிவான தேதியை ஹூஇஸ் (WHOIS) என்ற டொமைன் பதிவு விவரத் தேடலில் பாருங்கள். பல்லாண்டுப் பத்திரிகையின் டொமைன் போன மாதம் பதிவாகியிருந்தால் விஷயம் தெளிவு.

கணக்குகள் கூட்டுச் சேர்ந்து இயங்குகின்றனவா என்பதுதான் சிக்கலான பகுதி. நேரம், கணக்கு, வாசகம், இணைப்பு என்று நான்கு நெடுவரிசை அட்டவணை போட்டு நேரவாரியாக அடுக்குங்கள். ஒரே எழுத்துப்பிழையோடு ஒரே வரி பல இடங்களில் வந்தால் குறியுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. கட்சித் தொண்டர்களும் குழுவில் வந்ததை அப்படியே ஒட்டுவார்கள். நேற்றுவரை வேறு மொழியில் வேறு விஷயம் பேசிய கணக்குகள் ஒரே நாளில் அரசியலுக்குத் திரும்பினவா, பல மாதம் தூங்கி எழுந்தனவா என்று பாருங்கள். ஃபேஸ்புக் பக்கமானால் ‘பக்க வெளிப்படைத்தன்மை’யில் பழைய பெயர்களும், நிர்வகிப்பவர்கள் இருக்கும் நாடுகளும் தெரியும். நாட்டின் பெயர் ஒரு துப்புதான், தீர்ப்பல்ல; இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன்னும் கூலிக்கு ஆளும் சுலபமாகக் கிடைக்கும்.

அறிக்கையில் யார், நடத்தை, உள்ளடக்கம், பரவிய அளவு, விளைவு என ஐந்து தலைப்புகள் போதும். ‘யார்’ என்பதைக் கடைசியில் நிரப்புங்கள். உறுதியில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். ‘விளைவு’தான் அதிகம் ஊதிப் பெருக்கப்படும் இடம். பத்து லட்சம் பார்வை என்பது பத்து லட்சம் வாக்கு அல்ல, அதில் போலிக் கணக்குகளின் பார்வையும் சேர்ந்திருக்கும்.

வெளியே பேசும்போது மூலப் பதிவின் இணைப்பைப் பகிராதீர்கள், அது இன்னும் பரவிவிடும். போலிப் பதிவானால், அதன் ஸ்கிரீன்ஷாட்டின் குறுக்கே ‘போலி’ என்று பெரிதாக எழுதிய பிறகே காட்டுங்கள்.

2023இல் ஸ்லோவாகியாவில் போலிக் குரல் பதிவு ஒன்று வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்புதான் பரவியது. தேர்தல் ஆணையம், சமூக ஊடகத் தளங்களின் புகார்ப் பிரிவு, உண்மை சரிபார்ப்போர் ஆகியோரின் தொடர்பு விவரங்களை அந்தக் கடைசி 48 மணி நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒரு மாதம் முன்பே சேகரித்து, ஒருமுறை அழைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.