ஸ்காட்லாந்து வெள்ளி: செய்தவர் எழுத்தைக் கடைசியில் படியுங்கள்

சென்னையில் பழைய வீட்டைக் காலி செய்யும்போது, 'சீமைச் சாமான்' என்று ஒரு கரண்டியோ, உடையில் குத்தும் ப்ரூச்சோ இன்றும் கையில் கிடைக்கிறது. அதைச் சவுகார்பேட்டைக்கு எடைக்குக் கொண்டுபோகும் முன் பின்பக்கத்தைத் திருப்பி, செய்த ஊர், ஆண்டு, செய்தவர் பெயரைச் சொல்லும் சிறு முத்திரைகள் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். உருக்கிவிட்டால் வெள்ளி மட்டும்தான் மிஞ்சும்.

விபூதியோ புளியோ போட்டுத் தேய்க்காதீர்கள். முத்திரையின் ஆழம் மயிரிழை அளவுதான்; பல வருட மெருகிலேயே பாதி அழிந்திருக்கும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். துடைத்துக் காயவைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த குத்து தெரியாது.

எல்லோரும் முதலில் எழுத்துகளைத்தான் தேடுகிறார்கள். அதில்தான் தப்பு ஆரம்பிக்கிறது. ஒரே இரண்டு எழுத்தைப் பல ஊர்களில், பல காலங்களில், பலர் குத்தியிருக்கிறார்கள். ஊரும் ஆண்டும் தெரியாமல் பெயரைத் தேடினால் தவறான ஆள்தான் கிடைப்பார்.

ஒரு தேக்கரண்டியை எடுத்துக்கொள்வோம். காம்பின் பின்னால் ஐந்து குத்து: மூன்று கோபுரக் கோட்டை, திஸில் என்ற முட்பூ, ஒரு பெண் தலை, ஒற்றை எழுத்து, பிறகு 'ஜே எம்'. கோட்டை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரச் சின்னம். ஆனால் இங்கிலாந்தின் எக்ஸெட்டருக்கும் கோட்டைதான். கூடவே முட்பூ இருந்தால் எடின்பரோ, நடக்கும் சிங்கம் இருந்தால் எக்ஸெட்டர். முட்பூ 1759-இல் வந்தது. ராஜா, ராணி தலை 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கான அடையாளம். பெண் தலை என்றால் விக்டோரியா. ஆக 1890-க்குள் செய்த கரண்டி. ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும். அகரவரிசை முடிந்ததும் அதே எழுத்து சுற்றுக்குச் சுற்று திரும்ப வரும் என்பதால், எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றிய கேடயத்தின் வடிவத்தையும் சேர்த்தே எடின்பரோ ஆண்டெழுத்து அட்டவணையில் ஒப்பிட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் 'ஜே எம்' யார் என்று தேட வேண்டும். பழைய சாமான்களில் 'ஜே'க்குப் பதில் 'ஐ' குத்தியிருப்பதும் உண்டு.

1759-க்கு முந்தைய எடின்பரோ வெள்ளியில் இரண்டு ஜோடி எழுத்துகள் இருக்கும். ஒன்று செய்தவருடையது, இன்னொன்று தரம் சோதித்த அதிகாரியுடையது. வெவ்வேறு பட்டறைச் சாமான்களில் ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் அது அதிகாரிதான்.

கிளாஸ்கோ சின்னத்தில் மரம், பறவை, மணி, மீன் எல்லாம் ஒரே குத்தில் இருக்கும். அங்கே 1819 முதல் 1964 வரை சோதனை நிலையம் நடந்தது. சிங்கம் பின்னங்காலில் எழுந்து நிற்கும், நடக்காது. அபர்டீன், இன்வர்னஸ் போன்ற ஊர்களில் ஊர்ப்பெயரின் சுருக்கத்தையே குத்தினார்கள். இவை அரிது, போலியும் இவற்றில்தான் அதிகம். குத்தின் ஓரம் மழுங்கி, உள்ளே பொடிப்பொடியாகக் குழி இருந்தால் அச்சில் வார்த்த நகல் என்று சந்தேகப்படுங்கள். முத்திரையின்மேல் வாயால் ஊதுங்கள்: ஆவி படியும்போது சுற்றிலும் பற்றவைத்த கோடு தெரிந்தால், வேறு சாமானிலிருந்து வெட்டிப் பதித்தது.

'இ பி என் எஸ்' என்று தனித்தனிக் கேடயத்தில் இருந்தால் வெள்ளி முலாம்தான். மவுண்ட் ரோடு பி. ஆர் (P. Orr) அண்ட் சன்ஸ் கடையின் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் மெட்ராஸ் வெள்ளி. கோட்டையையும் ஆண்டெழுத்தையும் அதில் தேட வேண்டாம். ஆனால் சாமி உருவங்கள் புடைத்த மெட்ராஸ் வேலைக்கு அதற்கே உரிய மதிப்பு உண்டு, அதையும் உருக்காதீர்கள்.

நகையில் பெரும்பாலும் முழு முத்திரை இருக்காது. விக்டோரியா காலத்து அகேட் கல் ப்ரூச்சுகள் பலவற்றில் ஒன்றுமே இல்லை. அதனால் அவை போலி ஆகிவிடாது. 'ஏ ஆர்' எழுத்தும் 'ஐயோனா' என்ற தீவின் பெயரும் சேர்ந்திருந்தால் அலெக்ஸாண்டர் ரிச்சியின் வேலையாக இருக்கலாம். அவர் நகைகளில் சில பர்மிங்காமில் சோதிக்கப்பட்டவை என்பதால், அந்த ஊரின் நங்கூரச் சின்னத்தைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள்.

ப்ரூச்சின் ஊசியை மாற்றக் கொடுத்தால் பட்டறையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: அகேட் கற்களை அரக்கு வைத்துத்தான் பதித்திருப்பார்கள். தீ காட்டினால் அரக்கு இளகி, கல் கழன்றுவிடும்.